பெல்ஜியத்துக்குப் போன மாடித் தூசி

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் ஊறுகாய் கொண்டு போவார்கள், அப்பளம் கொண்டு போவார்கள். நான் உத்திரமேரூர் மொட்டை மாடிகளின் குப்பையைக் கொண்டு போனேன். இருபத்திரண்டு மாடிக் குப்பை. சர்க்கரை உருண்டை மருந்து வருமே, அந்தச் சின்னக் குப்பிகளில் அடைத்து, ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர் பெயர் எழுதி ஒட்டி, பெட்டியில் வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தேன். சட்டைப் பையில் இருபத்து மூன்றாவதாக ஒரு குப்பி இருந்தது. அதில் மட்டும் பெயர் இல்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

என் பெயர் கன்னியப்பன். மாடித் தளம் போடுகிற மேஸ்திரி. உத்திரமேரூர், திருப்புலிவனம், சுற்றுப்பட்ட கிராமங்கள் எல்லாவற்றிலும் முப்பது வருஷமாக என் கை பட்ட மாடிகள் இருக்கின்றன. மழை விட்டுக் கால் மணி நேரத்தில் ஒரு சொட்டுத் தேங்காமல் வடிந்துவிட்டதென்றால் அது நான் சரிவு வைத்து வாட்டம் பார்த்த மாடி. தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் ஐப்பசி மாதம் வந்து ஏறிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் குப்பை விவகாரத்தை ஆரம்பித்து வைத்தது என் மகள் தேவி. பெல்ஜியத்தில் கென்ட் என்கிற ஊரில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் வம்சத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் அவள், இரண்டாவது ஆள் நான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டாள்.

"நைனா, வானத்துல சிறுகோளுங்க ஒண்ணோட ஒண்ணு மோதிக்கினு தூளாவுது. வால் நட்சத்திரம் சூரியன் பக்கமா வர சொல்ல தூசியா வுட்டுக்கினே போவுது. அந்தத் தூசி தினமும் டன் கணக்குல பூமி மேல வுழுது. வர்ற வேகத்துல உருகி, உருண்டையாயி, கண்ணுக்கே தெரியாம நம்ம மாடிங்க மேல கெடக்குது. காந்தம் வெச்சா நெறைய ஒட்டும். உனக்குத் தெரியாத மாடியா நைனா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. கார்த்திகை மாதம் மழை ஓய்ந்ததும் கிளம்பிவிட்டேன். மாடித் தூசி எல்லாம் மழைநீர்க் குழாயின் வாயில் வண்டலாக வந்து சேர்ந்திருக்கும். அதை வாரி, சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அதன் மேல் ஓட்டினால், ஒட்டுவது ஒட்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கடுகில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கறுப்புக் கறுப்பாய் உருண்டைகள். பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

ஊர் சும்மா இருக்குமா? "மேஸ்திரி குப்பை பொறுக்குறாரு" என்று டீக்கடையில் ஒரே சிரிப்பு. அதில் முதல் ஆள் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஏகாம்பரம். சிரித்துக்கொண்டே, தன் மண்டபத்து மாடிக்குச் சாவியும் கொடுத்தார். "ஊர்லயே பெரிய மாடி என்னுது. வுழுந்தா இங்கதான் வுழுந்துருக்கும்" என்றார். அடுத்த நிமிஷமே, "மேஸ்திரி, ஒண்ணுகூட வானத்துது இல்லன்னா இன்னா பண்ணுவ?" என்றும் கேட்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "இல்லன்னா உன் மண்டபத்து வாசல்ல நின்னு, நான் குப்பை பொறுக்குனவன்தான்னு எல்லார் முன்னாலயும் சொல்றேன்யா" என்று சொல்லிவிட்டேன். டீக்கடையில் பதினைந்து பேர் சாட்சி.

டிக்கெட், விசா பாடுகளை விட்டுவிடுகிறேன். அது எனக்கே மறந்துவிட்டது. மாசி மாதம் ஒரு காலை பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் போய் இறங்கினேன். சுங்கத்துக்காரப் பெண் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். வேட்டியை விரித்தால் இருபத்திரண்டு குப்பியில் கறுப்புப் பொடி! அவள் முகம் மாறியது. தேவி சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் வாக்கியத்தை, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னேன்: "ஐயா, இது என் ஊர்க் கூரையின் தூசி. இதில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறேன்."

பெண்ணைப் போய் ஐயா என்று சொல்லிவிட்டேன். அவள் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் ஒரு குப்பியை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் ஏதோ சொன்னார், என்னைப் போகவும் விட்டுவிட்டார். வெளியே காத்திருந்த தேவியிடம் அந்த வார்த்தைகளைத் தட்டுத் தடுமாறி ஒப்பித்தேன். அவள் சிரித்துவிட்டு அர்த்தம் சொன்னாள்: "என் மாமியார் வீட்டுக் கூரையிலும் நிறைய இருக்கு, அதையும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

இரண்டாம் நாள் கென்ட் முழுக்க அண்ணாந்து பார்த்தே நடந்தேன். தேவி கோயில் காட்டினாள், கோட்டை காட்டினாள், வாய்க்காலில் போகிற படகு காட்டினாள். நான் கூரை பார்த்தேன். எல்லாம் செங்குத்து. கல்லைத் தகடு தகடாகச் சீவி மீன் செதில் மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். நானூறு, ஐந்நூறு வருஷமாக ஒழுகாத வேலை. கை எடுத்துக் கும்பிடலாம், கும்பிட்டேன். ஆனால் ஒன்று, அந்தக் கூரையில் வடகம் காயவைக்க முடியாது, படுத்துத் தூங்க முடியாது. வானம் கொடுப்பதை எல்லாம் வழித்துத் தெருவில் தள்ளிவிடுகிற கூரை அது. நம்முடையது வாங்கி வைத்துக்கொள்கிற கூரை. தேவியிடம் சொன்னபோது, "வந்த ஒரு நாள்ல ஊரையே கொறை சொல்லிட்டியா நைனா?" என்றாள்.

சாப்பாடு பெரிய பேஜார். காலையிலும் ரொட்டி, மதியத்திலும் ரொட்டி, இரண்டும் சில்லென்று. வேலைக்குப் போகிற பெரிய மனிதர்கள் எல்லாம் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து குளிர்ந்த ரொட்டியை மென்றுவிட்டு எழுந்து போகிறார்கள். எங்கள் சித்தாள்கூட சூடு இல்லாத நாஷ்டாவைத் தொடமாட்டாள். உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் அமிர்தம். காகிதக் கூம்பில் சுடச்சுடக் கொடுக்கிறார்கள். அதன் தலையில் முட்டையில் செய்த வெள்ளைக் களிம்பை ஊற்றுகிறார்கள். அதை வழித்து எறிந்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டு போன பருப்புப் பொடியைத் தூவிச் சாப்பிட்டேன். கடைக்காரன் எட்டிப் பார்த்து ஒரு சிட்டிகை கேட்டான். கொடுத்தேன். இருமிக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

மூன்றாம் நாள்தான் வந்த வேலை. தேவிக்குத் தெரிந்த பீட்டர் என்பவர் கடலோர ஊர் ஒன்றில் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். விண்வெளித் தூசி தேடுவதுதான் அவருக்குத் தொழில். ரயிலில் கிளம்பினோம். குப்பிப் பெட்டி தேவி மடியில். நான் கழிப்பறை தேடிப் பின்னால் போனவன், கடைசிப் பெட்டியில் ஜன்னலோரம் காலியாக இருக்கவே உட்கார்ந்துவிட்டேன். வழியில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது, ஒரு குலுக்கு குலுக்கியது, மறுபடி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"நைனா, எங்க கீற?"

"வண்டிலதான் கீறேன். பின்னால."

"ஐயோ நைனா! பின்னால இருக்கற வண்டிய கழட்டி வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க!"

நம் ஊரில் பஸ் தாமதமாக வரும், வராமலும் போகும். பாதி பஸ் ஓரிடத்துக்கும் பாதி பஸ் வேறிடத்துக்கும் போனதாகச் சரித்திரம் இல்லை. எதிரில் நாயோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி என் முழியைப் பார்த்துப் போனை வாங்கி தேவியிடம் பேசினாள். அடுத்த ஸ்டேஷனில் என்னோடு இறங்கி, திரும்பிப் போகிற வண்டியில் என்னை ஏற்றிவிட்டுத்தான் போனாள். இவ்வளவுக்கும் அது அவள் இறங்க வேண்டிய ஊர் இல்லையாம். பையில் இருந்த முறுக்கை எடுத்துக் கொடுத்தேன். நாயும் பாதி தின்றது.

நான் ஆய்வுக்கூடம் போய்ச் சேர்வதற்குள் இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. பீட்டர் நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம். கை குலுக்கினார், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. தேவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அதற்குள் இருபத்திரண்டு குப்பியையும் சோதித்துப் பார்த்துவிட்டார்களாம்.

அவர்களுடைய மின்னணு நுண்ணோக்கியில் ஒரு தூளை வைத்தால், அதில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று திரையில் மேடு மேடாகக் காட்டும். வானத்துத் தூசியானால் மெக்னீசியம், சிலிக்கான், இரும்பு, சில சமயம் நிக்கல் காட்டவேண்டும். என்னுடைய உருண்டைகளில் இரும்பு இருந்தது. கூடவே பேரியம் என்று ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பீட்டர் சொல்வதைத் தேவி மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"நைனா, பேரியம் பட்டாசுல போடுறதாம். எல்லாமே கம்பி மத்தாப்பாம்."

இருபத்திரண்டு மாடியும் மத்தாப்பு. ஏகாம்பரத்தின் மண்டபம், பள்ளிக்கூடம், அரிசி மில், என் சொந்த வீடு, எல்லாம். தீபாவளி முடிந்து பதினைந்து நாளில், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் எந்த மாடியில் நின்று மத்தாப்பு சுற்றினார்களோ அந்த மாடியிலேயே போய்ப் பயபக்தியோடு காந்தம் ஓட்டியிருக்கிறேன். கம்பி மத்தாப்பில் பொறியாகப் பறப்பது இரும்புத் தூள். அது உருகி உருண்டையாக விழாமல் வேறென்ன செய்யும்? எனக்கல்லவா அது தோன்றியிருக்கவேண்டும்? உலகத்தில் வேறு எவன் இந்தத் தப்பைச் செய்வான்! அவமானத்தில் காது சுட்டது. மண்டபத்து வாசலும் பதினைந்து சாட்சிகளும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

பீட்டர் நல்ல மனிதர். காபி கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் ஊரில் அன்றைக்குப் பட்டாசு கொளுத்தாத வீடே கிடையாதா?"

"தீவாளிக்குக் கொளுத்தாத வூடு ஏது?" என்று சொல்ல வாயெடுத்தவன், அப்படியே நிறுத்தினேன். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

பெயர் எழுதாத குப்பியின் கதை இதுதான். எங்கள் பக்கத்துத் தெருவில் தசரதன் என்று ஒருவர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்து, வருஷக்கணக்காகச் சேர்த்து வீடு கட்டினார். போன வருஷம் தை மாதம் அவருக்குத் தளம் போட்டுக் கொடுத்தேன். "மேஸ்திரி, என் புள்ளைங்க காலம் வரைக்கும் ஒழுகக் கூடாது" என்று சொல்லிக் கூடவே நின்று செங்கல் ஜல்லி எடுத்துக் கொடுத்தார். ஆனி மாதம் மாரடைப்பில் போய்விட்டார், நாற்பத்தைந்து வயதில். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. தீபாவளிக்கு அந்த வீட்டில் ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்தவில்லை.

கார்த்திகையில் அவர் சம்சாரம் வசந்தா கூப்பிட்டு, மாடி மூலையில் ஈரம் காய்கிறதில்லை என்றாள். போய்ப் பார்த்தேன். ஒழுகல் இல்லை, குழாய் வாயில் வண்டல் அடைத்திருந்தது. அதை வாரிச் சுத்தம் செய்தபோது, பழக்க தோஷத்தில் கொஞ்சம் குப்பியில் போட்டுக்கொண்டேன். துக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் போய் "உன் வீட்டு மாடியில நட்சத்திரம் தேடுறேன்" என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. கேட்காமல் எடுத்த பொருளுக்குப் பெயர் எழுத மனசு வரவில்லை.

நான் சொன்னதைத் தேவி அவருக்குச் சொல்லச் சொல்ல பீட்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். புதுத் தளம், தையில் போட்டது, அதற்கப்புறம் ஒரு பட்டாசும் கொளுத்தாத மாடி. ஆகவே அதில் கிடப்பது எதுவானாலும் அந்தப் பத்து மாதத்துக்குள் விழுந்தது. அவர் குப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வாருங்கள்" என்றார்.

நாலாம் நாள் மழை. மறுபடி ரயில். இந்தத் தடவை முதல் பெட்டியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பீட்டர் வாசலிலேயே நின்றிருந்தார், குடைகூட இல்லாமல். உள்ளே கூட்டிப்போய்த் திரையைத் திருப்பினார்.

அதில் ஒரு உருண்டை. மயிரிழை மாதிரிக் கோடுகள் வரிவரியாக ஓட, ஓரத்தில் ஒரு உலோகக் குமிழ் மின்ன, யாரோ மணிக்கணக்காக உட்கார்ந்து செதுக்கியது போல இருந்தது. பக்கத்துத் திரையில் மெக்னீசியம் இருந்தது, சிலிக்கான் இருந்தது, இரும்பு இருந்தது, குமிழில் நிக்கல் இருந்தது. பேரியம் இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற சிறுகோள் ஏதோ ஒன்றிலிருந்து உடைந்திருக்கலாம், வால் நட்சத்திரம் உதிர்த்ததாகவும் இருக்கலாம் என்றார் பீட்டர். எதுவானாலும் நம் பூமியைவிட மூத்த சரக்கு. எத்தனையோ காலம் சூரியனைச் சுற்றிவிட்டுக் கடைசியில் உத்திரமேரூரில் நான் போட்ட தளத்தில் வந்து இறங்கி, நான் வைத்த வாட்டத்தில் உருண்டு, நான் பதித்த குழாய் வாயில் வந்து நின்றிருக்கிறது. தேவி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

"ஒரு தூசியைக்கூட விடாமல் ஒரே மூலைக்குக் கொண்டு வந்திருக்கிறதே, இந்தக் கூரையைச் சரிவு பார்த்தது யார்?" என்று பீட்டர் கேட்டார். தேவி மொழிபெயர்க்குமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அப்புறம் பதிவேட்டைத் திறந்தார். எந்த ஊர், எந்த வீடு என்று எழுதவேண்டுமாம். ஊரைச் சொன்னேன். வீட்டுப் பெயரைச் சொல்லவில்லை. "கேக்காம எடுத்துட்டேன்னு சொல்லும்மா. ஊருக்குப் போயி கேட்டுட்டுத்தான் பேர் சொல்லுவேன்" என்றேன். பீட்டர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, எனக்கு உருண்டையின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தார்.

மிச்ச நாட்களில் என்னென்னவோ பார்த்தோம். எதுவும் மனசில் ஒட்டவில்லை. ஊர் வந்து பஸ்ஸிலிருந்து காலைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் ஏகாம்பரம் டீக்கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, என் மண்டபம்தானே?"

"உன் மண்டபத்துல கெடச்சது அத்தனையும் கம்பி மத்தாப்புய்யா. என் வூட்டுதும் அப்டித்தான்."

"அப்போ ஒண்ணும் இல்லியா?" வாயெல்லாம் பல்.

"கீது. ஒரு வூட்ல கீது. யார் வூடுன்னு சாயங்காலம் சொல்றேன்." பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக வசந்தா வீட்டுக்கு நடந்தேன்.

அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். படத்தைக் கையில் கொடுத்து, முதலில் திருட்டைச் சொன்னேன், அப்புறம் மற்றதைச் சொன்னேன். தீபாவளி கொண்டாடாததால்தான் உங்கள் மாடி சுத்தமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து விடுவிடுவென்று மாடிக்கு ஏறினாள். நானும் பின்னால் போனேன்.

"எந்த மூல மேஸ்திரி?"

காட்டினேன். குனிந்து அந்த இடத்தை உள்ளங்கையால் தடவினாள்.

"தீவாளி அன்னிக்குத் தெருவே வெடிச்சிக்கினு இருந்துது. என் ரெண்டு புள்ளைங்களும் இந்தக் கைப்பிடிச் சொவத்தப் புட்ச்சிக்கினு அடுத்த வூட்டு மத்தாப்பையே பாத்துக்கினு நின்னுதுங்க. பாவி, என் வூடு மட்டும் இருட்டாக் கெடக்குதேன்னு அழுதேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது வந்தது அவரு இருக்க சொல்லயா, போனதுக்கப்புறமா?"

"தெரியலம்மா. தைக்கும் கார்த்திகைக்கும் நடுவுல. அவ்ளோதான் சொல்ல முடியும்."

"போதும்" என்றாள். "பேர் எழுதிடு. அவரு பேர எழுது. வூடு அவரு கட்டுனது."

அங்கேயே நின்று தேவிக்குச் செய்தி அனுப்பினேன். இதற்கென்றே அவள் அன்றைக்குப் பீட்டரின் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பதிவேட்டின் படம் வந்தது. காலியாக இருந்த கட்டத்தில் தேவி தன் கையெழுத்தில், தமிழிலேயே எழுதியிருந்தாள்: தசரதன் வீடு, உத்திரமேரூர். வசந்தா போனை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி மெதுவாக இரண்டு தடவை படித்தாள். முகத்தில் அப்படி ஒரு நிமிர்வு.

படி இறங்கப் போனவனைக் கூப்பிட்டாள்.

"மேஸ்திரி, வர்ற தீவாளிக்குப் புள்ளைங்க இங்க மத்தாப்பு கொளுத்தலாமா? உன் வேலை கெட்டுடுமா?"

"நல்லாக் கொளுத்தச் சொல்லும்மா" என்றேன். "பிரிச்சி எடுக்கறது என் வேலை."